மரத்துக்கும் மாட்டுக்கும் ஒரே மருந்தா?



பொந்தியான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, லயத்து வாசலில் ஒரு பெரியம்மா கையில் சின்னப் புட்டியோடு என்னை நிறுத்தினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. மோட்டார் சைக்கிள்ல வந்தவன் எண்பது வெள்ளி வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டுப் போனான். கன்னுக்குட்டி காலை நொண்டுது. தண்ணியில கலந்து குடுத்தா சரியாயிடும்னான். மிச்சத்தை வாசல்ல இருக்கிற அன்னாசிக்கும் அடிக்கலாமாம். எனக்கு மூட்டு வலிக்கும் நாலு சொட்டுப் போட்டுக்கலாம்னு சொல்றான்."

புட்டிக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீர். மேலே 'நானோ செலினியம்' என்று பெரிய எழுத்து. எவ்வளவு செலினியம் இருக்கிறது, யார் செய்தது, எந்த ஊர், பதிவு எண் என்ன, ஒன்றுமே இல்லை. ஒரே மருந்து மரத்துக்கு, மாட்டுக்கு, மனுஷனுக்கு என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சங்கடம். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆகவே இம்மாதச் சுகாதாரப் பகுதியை இதற்கே ஒதுக்கி விட்டேன்.

செலினியம் என்பது கந்தகத்துக்கு நெருங்கிய உறவுக்காரப் பொருள். 1817-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியஸ், கந்தக அமிலம் செய்யும் ஆலையில் அடியில் தங்கிய கசடிலிருந்து இதைக் கண்டெடுத்தார். சந்திரனுக்குக் கிரேக்கர் சொல்லும் பெயரை இதற்கு வைத்தார். பெயர் குளிர்ச்சியாக இருந்தாலும் முதலில் இது விஷம் என்றுதான் உலகத்துக்கு அறிமுகமானது. அமெரிக்காவின் டக்கோட்டாப் பகுதியில் 1856-இல் இராணுவ முகாம் ஒன்றின் குதிரைகளுக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டி, குளம்பு வெடித்துப் போனதை அங்கிருந்த மருத்துவர் எழுதி வைத்தார். காரணம் அந்த மண்ணிலும் புல்லிலும் இருந்த செலினியம் என்று 1930-களில்தான் தெரிய வந்தது.

நூறு வருஷம் விஷம் என்று பெயர் வாங்கிய பொருள், 1957-இல் திடீரென்று சத்து என்று பெயர் வாங்கியது. கிளாஸ் ஷ்வார்ட்ஸ் என்ற விஞ்ஞானி, ஈரல் அழுகிச் சாகும் எலிகளுக்கு மிகமிகச் சிறு அளவு செலினியம் கொடுத்தால் அவை பிழைத்துக் கொள்வதைக் காட்டினார். அடுத்த வருஷமே, பிறந்த ஆட்டுக்குட்டியும் கன்றும் எழுந்து நிற்க முடியாமல் துவண்டு விழும் 'வெள்ளைத் தசை நோய்' செலினியம் கொடுத்தால் வராது என்று அமெரிக்காவில் கண்டார்கள். அந்த நோயில் செத்த குட்டியை அறுத்துப் பார்த்தால் தொடைச் சதை வேகவைத்த கோழி இறைச்சி மாதிரி வெளுத்திருக்கும்.

இது உடம்புக்குள் என்ன வேலை செய்கிறது? வெட்டுக் கத்தியை மழையில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறது அல்லவா? நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு உடம்புக்குள் வேலை செய்யும்போதும், ஒரு வகையில் 'துரு' உண்டாக்கும் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றை உடனுக்குடன் அடித்து அடக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அந்த நொதியின் நடுவில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது என்று 1973-இல் கண்டுபிடித்தார்கள். கழுத்துக் கண்டச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்யவும் இது வேண்டும். மனிதனுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒன்றேதான். புட்டிக்காரன் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சாட்சி. ஹெய்லொங்ஜியாங் மாநிலத்தில் கேஷான் என்ற மாவட்டத்தில் 1935-இல் ஓர் இதய நோய் பரவியது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம் மாண்டார்கள். மண்ணில் செலினியம் இல்லை, அந்த மண்ணில் விளைந்ததையே சாப்பிட்டவர்கள் உடம்பிலும் இல்லை. 1970-களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் செலினியம் மாத்திரை கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. பின்லாந்து வேறு வழி எடுத்தது. அங்கேயும் புளிப்பு மண், கரிமண் உண்டு. 1984-இல் அரசாங்கமே முடிவெடுத்து, நாட்டு உரத்தில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம் செலினியம் சேர்க்க வைத்தது. கோதுமையிலும் பாலிலும் இறைச்சியிலும் ஏறி, ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாட்டில் 25 மைக்ரோகிராம் வாக்கில் இருந்தது சில வருஷத்திலேயே 100-ஐத் தாண்டியது. உரத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அதற்குப் பிறகும் அளந்து அளந்து குறைத்தும் கூட்டியும் மாற்றினார்கள். ஒரு நாடே தராசைக் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. லயத்து வாசலில் சொட்டுக் கணக்கில் செய்யும் காரியமல்ல.

இனி, அதிகமானால் என்ன ஆகும்? இதற்கு நம் தாயகத்திலேயே உதாரணம் இருக்கிறது. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் என்று இரண்டு மாவட்டங்கள். நவான்ஷஹருக்கு இப்போது பகத்சிங் பெயர் வைத்திருக்கிறார்கள். சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து மழைக்கால ஓடைகள் அடித்துக் கொண்டு வந்த வண்டலில் செலினியம் கலந்திருந்தது. நெல்லுக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச, அந்தத் தண்ணீரில் இருந்ததும் வயலில் சேர்ந்தது. ஆயிரம் ஹெக்டர் அளவு நிலம் இப்படி ஆகியிருந்ததை லூதியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதினார்கள். கோதுமைப் பயிர் வெள்ளை வெளேரென்று வெளுத்து நின்றது. அந்த வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் தின்ற எருமைகளுக்கும் பசுக்களுக்கும் குளம்பு நீண்டு வளர்ந்து, பிறகு வெடித்துக் கழன்றது. கொம்பு உதிர்ந்தது, மயிர் கொட்டியது, நொண்டியது. அங்கேயே விளைந்ததைச் சாப்பிட்ட மனிதர்களுக்கும் முடி கொட்டுவதும் நகம் கெடுவதும் கண்டார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். நொண்டும் மாட்டுக்குச் செலினியம் கொடு என்கிறான் ஒருவன். ஆனால் செலினியம் மிஞ்சினால் வருகிற முதல் அடையாளங்களில் ஒன்றே நொண்டல்தான்.

பஞ்சாபில் கண்ட பரிகாரமும் எளிமையானது. வயலுக்கு ஜிப்சம் போட்டார்கள். ஜிப்சத்தில் கந்தகச் சத்து உண்டு. செலினியமும் கந்தகமும் வேருக்குள் போவது ஒரே வாசல் வழியாக. கந்தகம் கூட்டமாக வந்து வாசலை அடைத்துக் கொண்டால் செலினியம் வெளியே நிற்க வேண்டியதுதான். பேருந்து நெரிசல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சரி, 'நானோ' என்றால் என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். நானோத் துகள் என்பது பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் குறைந்த பொடி. சாதாரணமாகக் கட்டியாக இருக்கும் செலினியம் சாம்பல் நிறம், தண்ணீரில் கரையாது, தின்றாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். அதையே இத்தனை நுண்ணிய துகளாக ஆக்கினால் சிவப்பாகத் தெரியும், உடம்பும் செடியும் எடுத்துக் கொள்ளும். கற்கண்டை வாயில் போட்டால் மெல்லக் கரைகிறது, சீனித் தூள் உடனே கரைகிறது. பொருள் ஒன்றேதான், பரப்பு கூடியதால் வந்த வேறுபாடு. சோதனைச் சாலையில் சோடியம் செலினைட் என்ற உப்போடு வைட்டமின் சி சேர்த்தாலே சிவப்புத் துகள் உண்டாகி விடும். இலைச் சாற்றாலும், சில நுண்ணுயிர்களாலும் கூடச் செய்கிறார்கள்.

விஞ்ஞானிகள் இதன்மேல் ஆசைப்பட்டதற்கு நல்ல காரணம் உண்டு. மேலே சொன்ன உப்பு கடும் விஷம். அதே அளவு செலினியத்தை நானோத் துகளாக எலிக்குக் கொடுத்தால் விஷம் பல மடங்கு குறைவு, சத்து மட்டும் அதேபோலக் கிடைக்கிறது என்று சீன ஆராய்ச்சியாளர்கள் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் காட்டினார்கள். கறிக்கோழிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பும் இறைச்சித் தரமும் கூடின, ஆனால் ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று 2012-இல் வந்த ஆய்வு சொன்னது. நம் நாட்டிலும் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரைக் கொண்டு பக்குவப்படுத்திய செலினியத்தைக் கோழிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

பயிர் பக்கம் வருவோம். செடிகொடிகளுக்குச் செலினியம் கட்டாயச் சத்து அல்ல. அது இல்லையென்று எந்தப் பயிரும் சாவதில்லை. ஆனால் கொஞ்சம் கிடைத்தால் வெயிலையும் வறட்சியையும் உப்பையும் தாங்கும் பலம் கூடுவதுண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சோயாவில் இலை முதிர்ந்து பழுப்பது தள்ளிப் போவதை 2005-இல் எழுதினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒருவர் பங்கெடுத்து, அமெரிக்காவின் கான்சாஸில் நடந்த சோள ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் நானோ செலினியத்தைக் கதிர் வரும் பருவத்தில் தெளித்தார்கள். கடும் வெப்பத்தில் மகரந்தம் கெடாமல் மணி பிடித்தது. இவை நல்ல ஆராய்ச்சிகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அளவு கூடினால் அதே மருந்து வேரைக் குட்டையாக்கும், முளையைக் கெடுக்கும்.

நம் பொந்தியான் மண் வேறு கதை. பெக்கான் நானாஸ் பக்கமும் கடலோரமும் பெரும்பகுதி கரிமண். காலை வைத்தால் அமுங்கும், தோண்டினால் மரக்கட்டை வரும், கடும் புளிப்பு. இந்த மண்ணில் செம்பனைக்கும் அன்னாசிக்கும் பெரிய குறை செம்புச் சத்துதான். நடு மட்டைகள் மஞ்சளாகி நுனி காய்ந்தால் முதலில் செம்பைச் சந்தேகப்பட வேண்டும். குருத்திலை கொக்கி மாதிரி வளைந்தால் போரான் குறை. துத்தநாகமும் பற்றாமல் போகும். பழைய மண்டோர்கள் இதைக் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். இந்த மஞ்சளுக்கு எண்பது வெள்ளிச் செலினியம் அடித்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், வெள்ளிதான் போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் பாரிட்டுத் தண்ணீர். எலிக்கு நானோ செலினியம் லேசு என்று சொன்னேன். மீனுக்கு அப்படியில்லை. 'மெடாக்கா' என்ற சிறு மீனில் 2008-இல் செய்த ஆராய்ச்சியில், நானோத் துகள் அந்த உப்பைவிட அதிகமாக மீன் உடம்பில் சேர்ந்து, அதிகக் கேடும் செய்தது. செலினியம் தண்ணீரில் விழுந்தால் பாசிக்குப் போகும், பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து மீனுக்கு, ஒவ்வொரு படியிலும் கூடிக் கொண்டே போகும். கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்துக்கு வயல் வடிகால் தண்ணீர் போய்ச் சேர்ந்து, 1983-இல் அங்கே நீர்ப்பறவைக் குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் ஊனமாகப் பொரித்தன. செலினியம்தான் காரணம். நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பாரிட்டில் தூண்டில் போட்டு விராலும் கெளுத்தியும் பிடித்து வருகிறார்கள், அன்று இரவே குழம்பு. மருந்தடிக்கிற பம்பைப் பாரிட்டில் அலசாதீர்கள் என்று எத்தனையோ தடவை எழுதியாயிற்று. களைக்கொல்லிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். 'சத்துத் தண்ணீர்தானே' என்று எண்ண வேண்டாம்.

மருந்தடிக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. தோட்டத்தில் புதிதாக எந்த நீரைக் கலந்து அடிக்கச் சொன்னாலும், அதன் பாதுகாப்புத் தாளைக் காட்டும்படி கேளுங்கள். தொழிலாளர் கையாளும் இரசாயனம் எது, அதன் ஆபத்து என்ன என்று சொல்லிப் பழக்குவது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி கையுறை, முகமூடி போன்ற பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்கள் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. பிடித்தால் கிளைச் செயலாளரிடம் சம்பளச் சீட்டோடு வாருங்கள். நானோத் துகளைத் தூளாகக் கையாளும்போதும் பனியாகத் தெளிக்கும்போதும் நெஞ்சுக்குள் போகும். மூக்கில் துண்டு கட்டினால் மட்டும் அது நிற்காது.

ஆடு மாடு வளர்ப்போர் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு கிலோ தீவனத்தில் 0.1 முதல் 0.3 மில்லிகிராம் செலினியம் இருந்தால் மாட்டுக்குப் போதும். 5 மில்லிகிராம் அளவுக்கு ஏறி நாள்பட்டால் கேடு. 0.3 மில்லிகிராம் என்றால் ஒரு டன் தீவனத்தில் கால் கிராமைவிடச் சற்றே கூட. வாளியில் குச்சி விட்டுக் கலக்குகிற நாம் இதை எப்படிச் சமமாகக் கலப்போம்? அடியில் தங்கியதைக் குடித்த மாட்டுக்கு ஆபத்து, மேலே குடித்ததற்கு ஒன்றுமே கிடைக்காது. ஊசியாகப் போடும் செலினியம் இன்னும் வேகமானது. 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் போலோ ஆட்டத்துக்குக் கொண்டு வந்த 21 குதிரைகள் ஒரே நாளுக்குள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. மருந்துக் கலவையில் செலினியம் மிஞ்சி விட்டது. படித்த மருந்தாளர்கள் கலந்தே அப்படி!

மனிதர்களுக்கு? உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சொல்வது பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 26, ஆணுக்கு 34 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 55 என்கிறார்கள். ஒரு கோழி முட்டையில் சுமார் 15 இருக்கும். கடல் மீன் நூறு கிராமில் 30, 40 வாக்கில் வரும். குக்கூப் பக்கத்துக் கடல் மீனோ, சந்தையில் வாங்குகிற கெம்போங்கோ, ஒரு துண்டும் ஒரு முட்டையும் சாப்பிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. கோழி, ஈரல், ரொட்டி எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. மீன் விலை ஏறிவிட்டது, தெரியும். ஆனாலும் எண்பது வெள்ளிக்கு எத்தனை முட்டை என்று வீட்டுத் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மேல் வரம்பு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் என்று அமெரிக்கர் வைத்தார்கள். ஐரோப்பியர் 2023-இல் அதை 255-ஆகக் குறைத்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் விற்ற சத்துத் திரவம் ஒன்றில், தயாரிப்புத் தவறால் சீட்டில் எழுதியதைப் போல் 200 மடங்கு செலினியம் இருந்துவிட்டது. சுமார் 200 பேருக்கு வயிற்றுப்போக்கு, முடி கொட்டல், நகம் பெயர்தல், மூட்டு வலி. மூட்டு வலி, கவனித்தீர்களா? பெரியம்மா எதற்காகக் குடிக்க இருந்தாரோ அதுவேதான். மூச்சில் பூண்டு வாடை அடிப்பதும் செலினியம் மிஞ்சியதன் அடையாளம். இத்தகைய புட்டி குடித்தவர்கள் எவருக்கேனும் அப்படியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, புட்டியையும் எடுத்துக்கொண்டு கிளினிக் போக வேண்டும்.

புற்றுநோய் வராது என்றும் சிலர் இதை விற்கிறார்கள். 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து 2001-இல் தொடங்கிய பெரிய அமெரிக்க ஆய்வில் தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்மைச் சுரப்பிப் புற்றுநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்து 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில் மருந்தாகவோ சத்து மாத்திரையாகவோ விற்பதற்குச் சுகாதார அமைச்சின் பதிவு வேண்டும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும், பளபளக்கும் முத்திரைச் சீட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். "ஆர்கானிக்குங்க, இயற்கைங்க" என்று சொன்னால் இன்னும் ஒரு தடவை புட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கன்றுக்குட்டியின் கதையை விட்டுவிட்டேனே. மறுநாள் கால்நடைத் துறைக்காரரை அழைத்து வந்து காட்டினோம். காலைத் தூக்கிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக் கொண்டார். குளம்பு இடுக்கில் அழுகல். மழைக் காலம், கொட்டகையில் சேறு கணுக்கால் வரை, எப்படிக் காயும்? சுத்தம் செய்து மருந்து வைத்து, ஓர் ஊசி போட்டு, பலகை அடித்துத் தரையை உயர்த்தச் சொன்னார். பெரியம்மாவின் பேரன்கள் இருவர் பழைய பலகையைக் கொண்டு வந்து அன்று சாயங்காலமே அடித்து விட்டார்கள். பத்து நாளில் கன்று ஓட ஆரம்பித்தது.

புட்டி இன்னும் திறக்கப்படாமல் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "எண்பது வெள்ளி தம்பி, எப்படித் தூக்கிப் போடுறது?" என்கிறார் பெரியம்மா. பாரிட்டில் ஊற்ற வேண்டாம், சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவில் புகாரோடு சேர்த்துக் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அதே மோட்டார் சைக்கிள்காரனிடம் வாங்கிய மற்றவர்களும் கொண்டு வரலாம். ரசீது இருந்தால் அதையும்.